மாசியில் வாவிக்கரை: எங்கே பார்ப்பது, எப்போது கேட்பது?

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறோம். தரம் 6 படிக்கும் மகனுக்குப் பறவைகள் என்றால் உயிர். வெளிநாட்டுப் பறவைகள் திரும்பிப் போவதற்குள் காட்ட வேண்டும். பைனாகுலர் இல்லை. எங்கே, எந்த நேரத்தில் போகலாம்? வாவியில் ஓசை எழுப்பும் என்று சொல்லப்படும் பாடும் மீனையும் இப்போது கேட்க முடியுமா?

பதில்: மீனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கு இது காலமில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில்தான் அந்த ஓசை கேட்கும் என்பார்கள். தோணியிலிருந்து துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது பழைய வழக்கம்.

பறவைகளுக்கு இதுதான் சரியான நேரம். ஐப்பசி, கார்த்திகையில் வந்தவை பங்குனி, சித்திரைக்குள் வடக்கே கிளம்பிவிடும். நெடும்பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்க வேண்டுமே, அதனால் இப்போது ஓயாமல் இரை தேடும்.

பைனாகுலர் இல்லையென்று கவலை வேண்டாம். காதிலிருந்து தொடங்குங்கள். மரம் அடர்ந்த வளவுகளில் (வீட்டுத் தோட்டங்களில்) விடியக்காலையிலும் பின்னேரமும், ஏறக்குறைய ஆறு மணிக்கு, இரண்டு சுரத்தில் ஒரு விசில் கேட்கும். அதுதான் ஆறுமணிக் குருவி. இந்தியாவிலிருந்து வரும் விருந்தாளி. பச்சை முதுகு, கண்ணோரம் கறுப்புப் பட்டை, கட்டை வால், அதனடியில் சிவப்பு. இத்தனை நிறம் இருந்தும் லேசில் கண்ணில் படாது. நிழலில் சருகைக் கிளறிப் புழு பூச்சி தின்னும். ஆகவே வளவின் ஒரு மூலையையாவது கூட்டாமல் விடுங்கள். (வீட்டில் ஏச்சு விழலாம்!) குரலைப் பதிவுசெய்து போனில் போட்டு அழைப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். இன்னொரு குருவி வந்துவிட்டதென்று நினைத்து, இரை தேட வேண்டிய நேரத்தில் அது எதிரியைத் தேடி அலையும்.

அடுத்தது வாவி. மாரியில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்து வெள்ளம் வடிந்த பிறகு ஓரங்களில் சேறு தெரியும். சேற்றில் இரை தேடும் உள்ளான்கள் மொய்ப்பது அங்கேதான். கல்லடி எழுவான்கரையில், அதாவது வாவியின் கிழக்குக் கரையில், இருப்பதால் காலையில் போங்கள். வெயில் முதுகுப்பக்கம் விழும், நிறம் தெளிவாகத் தெரியும். பின்னேரம் போனால் எல்லாப் பறவையும் கறுப்புத்தான். தண்ணீருக்கு மேலே தாழப் பறக்கும் மீசை ஆலாக்கள் என்ற நீர்ப்பறவைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். இனப்பெருக்க காலம் நெருங்குவதால் சிலவற்றின் வயிறு கறுக்கத் தொடங்கியிருக்கும். கண்டல் மரங்களடியில் முதலை கிடக்கலாம், தண்ணீர் விளிம்பில் உட்கார வேண்டாம்.

வேளாண்மை வெட்டு (நெல் அறுவடை) நடக்கும் வட்டை, அதாவது வயல்வெளி, எதுவானாலும் போய்ப் பாருங்கள். வெட்டு மெசினுக்குப் பின்னாலேயே கொக்குகள் வரிசைகட்டும், கிட்ட நின்றே பார்க்கலாம். வாவியின் மேற்கே படுவான்கரைப் பக்கம் போவதானால், வெட்டிய வயலுக்கு யானை இறங்கும் காலம் இது. வழியில் வயற்காரரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள், பொழுதுபடுமுன் திரும்பிவிடுங்கள்.