மும்பை மாரத்தானுக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

திருச்சி வாசகர் ஒருவர்: ஜனவரியில் நடக்கும் மும்பை மாரத்தானில் முழு தூரமான 42.195 கிலோமீட்டர் ஓடப் பதிவு செய்திருக்கிறேன். மனைவியும் பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். வெள்ளியன்று கிளம்பி ஞாயிறு இரவே திரும்பிவிட எண்ணம். எங்கே தங்குவது, ஊரை எப்போது சுற்றிப் பார்ப்பது?

முதலில் திங்கட்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுங்கள். முழு மாரத்தான் ஓடிய அன்று மாலையே குடும்பத்தையும் பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு விமான நிலையத்தில் நிற்பது எந்த வகையிலும் விடுமுறை ஆகாது. அது மட்டுமல்ல, ஞாயிறு பிற்பகல் வரை தென் மும்பையின் பல சாலைகள் வாகனங்களுக்கு மூடியிருக்கக்கூடும். விடுதிகளோ முற்பகல் பதினொன்று, பன்னிரண்டு மணிக்கெல்லாம் அறையைக் காலி செய்யச் சொல்லும். நீங்கள் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடி, கூட்டத்தைக் கடந்து அறைக்கு வந்து சேருவதும் ஏறத்தாழ அதே நேரமாகத்தான் இருக்கும். ஆகவே ஞாயிறு இரவுக்கும் சேர்த்து அறை எடுப்பதே சரி.

தங்கும் இடத்தைத் தீர்மானிப்பவை மூன்று இடங்கள்: பிப் எண் (ஓடுபவர் மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) வாங்கும் எக்ஸ்போ எனும் கண்காட்சி, ஓட்டம் தொடங்கும் இடம், முடியும் இடம். அண்மை ஆண்டுகளில் எக்ஸ்போ பாந்த்ரா குர்லா வளாகத்தில் வியாழன் முதல் சனி வரை நடந்துவருகிறது. ஓட்ட நாளில் பிப் வழங்கப்படுவதில்லை என்பதால், சனிக்கிழமை மாலை விமானம் தாமதமானால் முழுப் பயணமும் வீணாகிவிடும். வெள்ளியன்றே வாங்கிவிடுங்கள், அசல் அடையாள அட்டையும் பதிவு உறுதிக் கடிதமும் கையில் இருக்கட்டும். முழு மாரத்தான் தொடங்குவதும் முடிவதும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் முனையத்தின் அருகில்தான். ஓட்டம் அதிகாலை ஐந்து மணியளவில் தொடங்குவதால் நான்கு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். ஃபோர்ட், சர்ச்கேட் பகுதிகளில் அறை எடுத்தால் நடந்தே போய்விடலாம். வாடகை கூடுதல்தான், ஆனால் அந்த நேரத்தில் டாக்ஸி தேடி அலையும் பதற்றம் இல்லாமல் போவதற்கு அந்தப் பணம் தகும். ஆட்டோவை நம்பித் திட்டம் போடாதீர்கள். புறநகரில் ஓடும் ஆட்டோக்களுக்குத் தென் மும்பைக்குள் அனுமதி கிடையாது.

2025 அக்டோபரில் முழுமையாகத் திறக்கப்பட்ட மூன்றாம் எண் மெட்ரோ பாதை உங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி. விமான நிலைய முனையங்கள், பாந்த்ரா குர்லா வளாகம், சிவாஜி மகாராஜ் ரயில் முனையம், சர்ச்கேட் ஆகிய எல்லாம் அந்த ஒரே பாதையில் வருகின்றன. விமானத்திலிருந்து இறங்கி, வழியில் எக்ஸ்போவுக்குப் போய்ப் பிப் வாங்கிக்கொண்டு, மாலைக்குள் அறையை அடைந்துவிடலாம்.

சனிக்கிழமை நீங்கள் ஊர் சுற்றக் கூடாது. பிள்ளைகளை அறையில் அடைத்து வைக்கவும் முடியாது என்பதால், அன்று குடும்பம் இரண்டாகப் பிரிவதே நியாயம்: மனைவியும் பிள்ளைகளும் அதே மெட்ரோவில் வொர்லியின் நேரு அறிவியல் மையத்துக்குப் போய்வரட்டும், நீங்கள் காலை நீட்டிப் படுத்திருங்கள். இரவு உணவைச் சீக்கிரம் முடித்து, வாழைப்பழமும் ரொட்டியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கிளம்பும் நேரத்தில் விடுதியில் காலை உணவு தயாராக இருக்காது. எக்ஸ்போவில் தள்ளுபடியில் வாங்கிய புதுக் காலணியை மறுநாளே போட்டுக்கொண்டு ஓடும் ஆசை பலருக்கு வருகிறது. அதைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

ஊர் பார்ப்பதற்கு ஞாயிறு மாலையும் திங்களும் போதும். ஓட்டம் தொடங்கும் ரயில் முனையமே 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கட்டடம். இந்த மாரத்தானின் முதல் ஓட்டமும் அதே ஆண்டில்தான் நடந்தது. ஓவல் மைதானத்தின் ஒரு பக்கம் நிற்கும் விக்டோரியா காலக் கோதிக் கட்டடங்களும், எதிர்ப்பக்கத்து ஆர்ட் டெகோ குடியிருப்புகளும் 2018-இல் அப்பட்டியலில் இடம்பெற்றன. எல்லாம் சமதளத்தில், மெதுவாக நடக்கும் தொலைவில் இருப்பவை. படியேறும் இடங்களை அன்று உங்கள் தொடைகளே மறுத்துவிடும்.

மதுரை வாசகி ஒருவர்: நான் ஓடுவது அரை மாரத்தான். மாட்டுங்காவில் பெரியம்மா வீடு இருக்கிறது. ஆனால் ஓட்டக் குழுவில் எல்லோரும் ரயில் முனையத்தின் பக்கத்தில்தான் அறை எடுக்க வேண்டும் என்கிறார்களே?

அவர்கள் சொல்வது முழு மாரத்தானுக்குப் பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது. அரை மாரத்தான் அண்மை ஆண்டுகளில் மாஹிமில் தொடங்கித் தெற்கே முடிகிறது. மாஹிமிலிருந்து மாட்டுங்கா மிக அருகில் இருக்கும்போது, தெற்கே அறை எடுத்துவிட்டு விடியுமுன் வடக்கே பயணம் செய்வதில் பொருளில்லை. பெரியம்மா வீட்டு இட்லியும் தயிர்ச்சாதமும் பழகிய வயிற்றுக்கு ஏற்றவை என்பது கூடுதல் நன்மை. பதிவுக் குறிப்பேட்டில் தொடங்கும் இடத்தையும் நேரத்தையும் மட்டும் ஒருமுறை சரிபாருங்கள். முடித்த பிறகு லோக்கல் ரயிலில் திரும்புவதானால் அன்றைய மெகா பிளாக் அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள். தண்டவாளப் பராமரிப்புக்காக ஞாயிறுகளில் முற்பகல் தொடங்கிச் சில தடங்களில் வண்டிகள் நிறுத்தப்படுவது அங்கே வழக்கம்.

கடல் பாலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 2009-இல் திறக்கப்பட்ட பாந்த்ரா – வொர்லி பாலத்தில் சாதாரண நாளில் நடந்து செல்ல அனுமதி இல்லை. உங்கள் ஓட்டப்பாதை அதன் வழியே செல்கிறது; அதன் மேல் கால் பதிக்கக் கிடைக்கும் அரிய வாய்ப்பு இது என்பதால், அங்கே நின்று படம் எடுக்கிறவர்கள் பலர். நிற்பதானால் ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள்.

கோவை வாசகி ஒருவர்: கணவர் முழு மாரத்தான் ஓடுகிறார். நானும் எழுபது வயது மாமனாரும் எங்கே நின்று பார்க்கலாம்?

மெரின் டிரைவ்தான். ஓட்டப்பாதை தொடக்கத்திலும் முடிவை நெருங்கும்போதும் அவ்வழியே செல்வதால் ஒரே இடத்தில் இருந்து இரண்டு முறை பார்க்கலாம். கடற்கரைச் சுவரில் மாமனார் உட்கார்ந்துகொள்ளவும் முடியும். முதல் முறை இருட்டில் கூட்டமாகப் போவார்கள், கண்டுபிடிப்பது அரிது. ஆகவே மாமனாரை அதிகாலையில் எழுப்பாமல், விடிந்த பிறகு அழைத்துப் போனாலே போதும். ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் வரும் பெடர் சாலை ஏற்றத்தில்தான் பலர் ஓட்டத்தை விட்டு நடக்கத் தொடங்குகிறார்கள். அந்தப் பகுதி மக்கள் தெருவோரம் நின்று ஆரஞ்சுச் சுளையும் கடலை மிட்டாயும் நீட்டி உற்சாகப்படுத்துவது இந்த மாரத்தானின் தனி அழகு. அங்கே நிற்க உங்களுக்கும் ஆசை வரலாம்; ஆனால் சாலை மூடியிருக்கும் நேரத்தில் முதியவரோடு போய்த் திரும்புவது சிரமம்.

மாமனார் தினமும் நடப்பவரானால், அறுபது வயதைக் கடந்தவர்களுக்கென இதே நாளில் நடக்கும் மூத்த குடிமக்கள் ஓட்டத்தில் அடுத்த ஆண்டு அவர் பெயரையும் பதிவு செய்யுங்கள்.

சென்னை வாசகர் ஒருவர்: பயணச்சீட்டை எப்போது வாங்குவது நல்லது?

இந்த ஓட்டம் வழக்கமாக ஜனவரி மூன்றாம் ஞாயிறன்று நடக்கிறது. அது 15-ஆம் தேதிக்கும் 21-ஆம் தேதிக்கும் இடையில்தான் வரும், அதாவது பொங்கலை ஒட்டி. பண்டிகைக்கு ஊருக்கு வந்த மும்பைத் தமிழர்கள் திரும்பும் நாள்களும் அவைதான். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்னரே தொடங்குவதால் நவம்பர் நடுவில் விழிப்பாக இருங்கள். ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் பயணம் என்பதால் கீழ்ப் படுக்கை கிடைத்தால் திரும்பும்போது அருமை தெரியும். விமானமானால் ஓட்டப் பதிவு உறுதியான உடனே வாங்கிவிடுவது நல்லது. கால் மரத்துப்போகாமல் அவ்வப்போது எழுந்து நடக்க வசதியாக, நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள்.

நாகர்கோவில் வாசகர் ஒருவர்: ஓட்டம் முடிந்து திங்களன்று எலிஃபண்டா குகைகளுக்குப் போகலாமா?

முடியாது, திங்கட்கிழமைகளில் குகைகளுக்கு விடுமுறை. ஞாயிறு ஓடிவிட்டு, கேட்வே ஆஃப் இந்தியாவில் படகு பிடித்து, தீவில் இறங்கி நூற்றுக்கு மேற்பட்ட படிகள் ஏறுவதும் நடக்கிற காரியமில்லை. வெள்ளி காலையிலேயே மும்பையில் இருப்பீர்களானால் அன்றே போய்வரலாம். இல்லையென்றால் இந்தப் பயணத்தில் அதை விட்டுவிட்டு, திங்களன்றும் திறந்திருக்கும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்துக்குப் போங்கள்.