"எலே, சாப்ட்டியா?"

வாசகர் கேள்விகளுக்கு ஒரு பழைய ரேடியோ ஆபீசரின் பதில்கள்

கேள்வி: என் மகன் பழைய 'ஸ்டார் ட்ரெக்' விண்வெளித் தொடரில் 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' என்ற பகுதியைப் போட்டுக் காட்டினான். எதிரிக் கப்பல் பக்கத்தில் எங்கோ ஒளிந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து கேப்டன் கிர்க் தன் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டு டாக்டரிடம் புலம்புகிறார். "தலைவனா இருக்கிறவன் இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்டேன். "உனக்குப் புரியாதும்மா" என்று எழுந்து போய்விட்டான். நீங்கள் கப்பலில் வேலை பார்த்தவர், சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: அம்மா, அந்தப் பகுதி 1966 டிசம்பர் 15-ஆம் தேதி அமெரிக்காவில் முதலில் ஒளிபரப்பானது. நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சண்டைக் காட்சிகள் எனக்கு அவ்வளவாக நினைவில் இல்லை. நீங்கள் புலம்பல் என்று சொன்ன அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் ஒரு வார்த்தை விடாமல் சொல்வேன்.

கிர்க்கின் நிலைமையைப் பாருங்கள். எல்லைக் காவல் நிலையங்களை அழித்துவிட்டு ரோமுலன் கப்பல் ஒன்று தன் நாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் மறையும் வித்தை அதற்குத் தெரியும். அதை விட்டுவிட்டால் இவர்கள் பலவீனமானவர்கள் என்று எதிரி முடிவு கட்டுவான், பெரும் போர் வரும். துரத்திக்கொண்டு, இரு தரப்பும் நுழையக் கூடாத எல்லைப் பகுதியான நடுநிலை மண்டலத்துக்குள் போனால் அதுவே போருக்குக் காரணமாகிவிடும். இரண்டு கப்பல்களும் எஞ்சினை நிறுத்திவிட்டு ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாக இருட்டில் மூச்சுவிடாமல் காத்திருக்கின்றன. முடிவெடுக்க வேண்டியது ஒரே ஆள்.

அப்போதுதான் அவர் சொல்கிறார், எங்காவது நீண்ட கடற்பயணம் போனால் நன்றாக இருக்கும், எந்தப் பொறுப்பும் இல்லாமல், என்று. பிறகு, ஏன் நான்? எல்லோரும் என் அடுத்த உத்தரவுக்காகக் காத்திருக்கிறார்கள், நான் நினைப்பது தவறாக இருந்தால்? டாக்டர் மெக்காய் "கேப்டன்..." என்று ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை என்று கிர்க் தடுத்துவிடுகிறார். என்னிடம் ஒரு பதில் இருக்கிறது என்கிறார் டாக்டர். இப்போது "கேப்டன்" இல்லை, "ஜிம்". உங்கள் மகனிடம் சொல்லி அந்த இடத்தை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். பதவி போய்ப் பெயர் வருகிறது.

டாக்டர் சொல்லும் பதில் ஒரு கணக்கு. இந்த விண்மீன் மண்டலத்தில் பூமி மாதிரி 30 லட்சம் கோள்கள் இருக்கக்கூடும். பிரபஞ்சத்தில் இப்படி 3 லட்சம் கோடி மண்டலங்கள். அத்தனையிலும் நம் ஒவ்வொருவரிலும் ஒரே ஒருவர்தான். கிர்க் என்கிற அந்த ஒருவனை அழித்துவிடாதே. இதற்கு மேல் அவர் பேசவில்லை. தாக்கு என்றோ தாக்காதே என்றோ சொல்லவில்லை. (1966-ல் கதைக்காகச் சொன்ன எண் அது. 2016-ல் ஹப்பிள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் போட்ட மதிப்பீடு சுமார் 2 லட்சம் கோடி மண்டலங்கள். அதைவிடக் குறைவு என்று சொல்லும் மதிப்பீடுகளும் பிறகு வந்தன.)

தலைவன் இப்படி இருக்கலாமா என்று கேட்டீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

1987. ஈரானும் இராக்கும் ஒன்றின் எண்ணெய்க் கப்பல்களை மற்றது அடித்துக்கொண்டிருந்த காலம். அந்தப் போரில் அடிவாங்கிய வணிகக் கப்பல்கள் 400-க்கும் மேல். நான் ஒரு பெரிய டேங்கரில் ரேடியோ ஆபீசர். ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைரா துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்தோம். அன்று நள்ளிரவுக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டு ஹோர்முஸ் ஜலசந்தி வழியாகப் பாரசீக வளைகுடாவுக்குள் நுழைவதாக முடிவு.

கேப்டன் நாகர்கோவில்காரர். சீஃப் எஞ்சினியர் தூத்துக்குடி. மற்றவர்கள் முன்னால் "கேப்டன்", "சீஃப்", "நீங்க", "சொல்லுங்க". நான்கு மாதமாக அதைத் தவிர வேறு எதையும் அவர்கள் வாயில் நான் கேட்டதில்லை.

அன்று இரவு நான் ரேடியோ அறையில் இருந்தேன். அந்தக் காலத்து ரேடியோ அறைக் கடிகாரத்தில், 15-ஆவது நிமிடத்திலிருந்து 18 வரையிலும், 45-லிருந்து 48 வரையிலும் சிவப்பாகத் தீட்டியிருக்கும். மணிக்கு இரண்டு முறை வரும் அந்த மூன்று நிமிடம் 500 கிலோஹெர்ட்ஸில் எந்தக் கப்பலும் பேசக் கூடாது. ஆபத்தில் இருக்கிறவனின் மெல்லிய சமிக்ஞை மற்றவர்கள் இரைச்சலில் அமுங்கிப் போகாமல் காதில் விழ வேண்டும், அதற்காக ஏற்பட்ட விதி. ஒரு காதில் ஹெட்போன், மறு காது திறந்திருந்தது. முள் சிவப்புக்குள் நுழைந்தது. ஹெட்போனில் வெறும் இரைச்சல். திறந்த காதில், கடல் வரைபடங்கள் வைக்கும் பக்கத்துச் சார்ட் ரூமிலிருந்து கேப்டனின் குரல்.

"எல்லாப் பயலும் என் மூஞ்சியையே பாக்கானுவ. என் கணக்கு தப்பாப் போச்சுன்னா?"

சீஃப் வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எலே, சாப்ட்டியா?" என்றார்.

"இல்ல."

"இரு வாரேன்."

கீழே போய், வீட்டிலிருந்து வந்த தூத்துக்குடி மக்ரூன் டப்பாவோடு ஏறி வந்தார். மாதக் கணக்கில் கப்பல் ஆட்டத்தில் மக்ரூன் எல்லாம் நொறுங்கி முக்கால்வாசி தூளாகிவிட்டது. சார்ட் மேஜையில் விளக்கை மறைத்து வைத்திருந்த சிவப்புக் கண்ணாடி வெளிச்சத்தில் இரண்டு பேரும் அந்தத் தூளை உள்ளங்கையில் கொட்டி வாயில் போட்டுக்கொண்டார்கள். யார் தங்கைக்கு வரன் தகைந்தது, எந்த முதலாளி படகு வாங்கினார் என்று என்னென்னவோ பேசினார்கள். அரை மணி நேரம் இருக்கும். அதற்குப் பிறகு கேப்டன், கப்பலை நடத்தும் மேல்தளமான பிரிட்ஜுக்கு வந்து நின்றபோது அவர் குரலில் நடுக்கம் இல்லை. உள்ளே போனோம், எண்ணெய் ஏற்றினோம், வெளியே வந்தோம். திரும்பும் வழியில் வேறொரு கப்பலின் எஸ்.ஓ.எஸ். கேட்டேன். அந்த மோர்ஸ் ஒலி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

நான்கு மாதம் அந்த மனிதரை யாரும் 'எலே' என்று கூப்பிடவில்லை, யோசித்துப் பாருங்கள் அம்மா. கிர்க் செய்தது புலம்பல் இல்லை. பிரிட்ஜில் அத்தனை பேர் பார்க்க அவர் முகத்தில் ஒரு கோடுகூடக் கலையவில்லை. இறக்கி வைக்க ஓரிடம் வேண்டும், அங்கே இறக்கி வைத்தார். அப்படி ஓரிடம் கிடைக்காத கேப்டன்களையும் நான் பார்த்திருக்கிறேன். சின்ன வேலையில் தவறு செய்த பையனைக் கன்னத்தில் அறைந்தவர்கள் அவர்கள்தான்.

கேள்வி: கிர்க்குக்கு ஸ்பாக்கும் நண்பர்தானே? ஏன் டாக்டரிடம் போனார்?
– ஒரு கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: ஸ்பாக் அடுத்த நிலை அதிகாரி. கிர்க் விழுந்தால் நாற்காலி அவருக்கு. அவரிடம் "எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்று சொன்னால் அது அலுவல் பேச்சாகிவிடும். டாக்டர் அந்த ஏணியில் இல்லை. எங்கள் கப்பல்களிலும் இதே கதைதான். கேப்டன் தோளில் நான்கு பொன்பட்டை, சீஃப் எஞ்சினியர் தோளிலும் நான்கு. மேலே ஒருவர், கீழே ஒருவர். கேப்டனுக்குச் சரிசமமாக உட்காரக்கூடியவர் கப்பல் முழுக்க அவர் ஒருவர்தான்.

தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி இரண்டாம் உலகப் போரில் பசிபிக் பகுதியில் பி-17 குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். 1943 ஆகஸ்டில் அவர் ஓட்டிய விமானம் ஓடுபாதையில் விபத்துக்குள்ளாகி இருவர் இறந்தார்கள். தொடருக்கு மாதிரியாக அவர் முதலில் எடுத்த பைலட் பகுதியிலேயே இப்படி ஒரு காட்சி உண்டு. அதில் கேப்டன் பைக். சண்டையில் ஆட்களைப் பறிகொடுத்துவிட்டு, இந்த வேலையே வேண்டாம் என்று அறையில் கிடக்கிறார். கப்பல் டாக்டர் மருந்துப் பெட்டியைத் திறந்து மதுவைக் கலந்து கொடுக்கிறார். டாக்டரிடம் சொல்லாததை மனிதன் மது ஊற்றிக் கொடுப்பவனிடம் சொல்லிவிடுவான் என்பது அவர் கணக்கு. கிர்க் என்ற பாத்திரம் பிறப்பதற்கு முன்பே இந்தக் காட்சி பிறந்துவிட்டது. தன் ஆட்களை இழந்த விமானி ஒருவர் எதை முதலில் எழுதினார் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதிகாரிகள் கூட்டத்தில் தாக்குதலை எதிர்த்து வெளிப்படையாக வாதாடியவர் இதே மெக்காய். இரவில் தனியாக இருக்கும்போது அதைத் திரும்ப எடுக்கவில்லை. எங்கள் சீஃபும் அன்று மதியம் "இன்னும் ஒரு நாள் பொறுத்துப் போகலாம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னவர்தான். மக்ரூன் டப்பாவோடு வந்தபோது அந்தப் பேச்சே இல்லை.

கேள்வி: எதிரிக் கப்பலில் அப்படி யாருமே இல்லையா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: இருக்கிறார். அதனால்தான் அந்தப் பகுதியை நான் இவ்வளவு நேசிக்கிறேன். ரோமுலன் தளபதியாக நடித்தவர் மார்க் லெனார்ட். (பின்னால் ஸ்பாக்கின் அப்பாவாக வந்தவரும் அவரே.) அவருக்கு செஞ்சூரியன் என்று ஒரு வயதான தோழர். பல போர்களில் கூட நின்றவர். ஊர் போய்ச் சேர்ந்தால் இன்னொரு போர் தொடங்கும், அதற்குள் நாமே அழிந்துவிட்டால் தேவலை என்று தளபதி அவரிடம் மட்டும்தான் சொல்கிறார். தாக்குதலில் இடிந்து விழுவது தளபதி மேல் விழாமல் தன் உடம்பால் மறைத்து அந்தக் கிழவர் சாகிறார். அடுத்த கணமே, கிர்க்கை ஏமாற்ற, உடைசல்களோடு சேர்த்து நண்பரின் உடலையும் வெளியே தள்ள வேண்டிய நிலைமை தளபதிக்கு. அதற்குப் பிறகு அவருக்குப் பேச ஆளில்லை. கடைசியில் திரையில் கிர்க்கைப் பார்த்து, வேறொரு சூழ்நிலையில் உன்னை நண்பன் என்றிருப்பேன் என்கிறார். சொல்லிவிட்டுத் தன் கப்பலைத் தானே வெடிக்க வைக்கிறார்.

கேள்வி: விண்வெளியில் ஒலி பரவாதே! பிறகு ஏன் இரண்டு கப்பலிலும் கிசுகிசுவென்று பேசுகிறார்கள்?
– ஒரு இயற்பியல் ஆசிரியை, மன்னார்குடி

பதில்: நீங்கள் சொல்வது சரிதான். அது நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து வந்த பழக்கம். 1957-ல் வந்த 'தி எனிமி பிலோ' படத்தில் அமெரிக்கப் போர்க்கப்பலும் ஜெர்மன் நீர்மூழ்கியும் ஒன்றையொன்று தேடும். அந்தப் படத்துக்கும் இந்தப் பகுதிக்கும் உள்ள உறவு ஊரறிந்தது. படத்துக்கு மூலமான நாவலை எழுதிய டெனிஸ் ரேய்னர், அட்லாண்டிக் போரில் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களை நடத்தியவர். தண்ணீருக்குள் ஒரு ஸ்பேனர் கீழே விழுந்தால்கூட எதிரிக்குக் கேட்டுவிடும். விண்வெளிக்கு அது பொருந்தாது. ஆனாலும் சாவு பக்கத்தில் நிற்கும்போது மனிதர்கள் குரலைத் தாழ்த்துவார்கள், இயற்பியல் என்ன சொன்னாலும்.

கேள்வி: குருட்சேத்திரத்தில் கண்ணன் அர்ஜுனனிடம் பேசியதும் இதே வகைதானே?
– ஒரு வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: தொடக்கம் ஒன்றுதான். வில்லை நழுவ விட்ட வீரன், பக்கத்தில் தோழன். ஆனால் கண்ணன் வழி சொன்னான், எழுந்து போர் செய் என்றான். மெக்காய்க்கு வழி தெரியாது. தெரியாமலே பக்கத்தில் இருந்தார். நம்மில் பெரும்பாலோருக்குக் கண்ணன் கிடைப்பதில்லை, மெக்காய் கிடைக்கலாம்.

கேள்வி: பட்டாசு ஆலையில் ஃபோர்மேனாக இருக்கிறேன். என் பொறுப்பில் 40 பேர், பாதிக்கு மேல் பெண்கள். தினமும் காலையில் கதவைத் திறக்கும்போது கை நடுங்குகிறது. வீட்டில் சொன்னால் பயந்துவிடுவார்கள். ஆட்களிடம் சொல்ல முடியாது. முதலாளியிடமும் முடியாது. யாரிடம் சொல்வது?
– பெயர் வேண்டாம், சிவகாசி

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். கை நடுங்குவதற்குக் கண்ணால் பார்த்த காரணம் இருந்தால், அதாவது அறையில் அளவுக்கு மேல் ஆட்கள், மருந்துக் கலவை தேங்கிக் கிடப்பது, வெயில் நேரத்தில் வேலை, அதை நண்பரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளக் கூடாது. அன்றைக்கே அந்த அறையை நிறுத்துங்கள், எழுதிக் கொடுங்கள். மெக்காய் முதலில் கூட்டத்தில் பேசினார், பிறகுதான் தனியறை.

எல்லாம் முறையாக இருந்தும் நடுங்குகிறது என்றால், உங்களுக்கு மேலேயும் கீழேயும் இல்லாத ஒருவரைத் தேடுங்கள். பக்கத்து ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற ஃபோர்மேன் யாராவது தெருவில் இருப்பார். சாயங்காலம் டீக்கடையில் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். முதல் நாளே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. அவர் உங்களை வாடா போடா என்று கூப்பிடுகிறவராக இருந்தால் மிக நல்லது.

அதுவரை எனக்கு எழுதுங்கள். உறையின் மேல் 'ரேடியோ அறை' என்று குறிப்பிட்டால் பிரிக்காமல் என் கைக்கு வந்துவிடும். அச்சில் போட மாட்டேன்.