இலங்கையில் கார் ஓட்டப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

இலங்கைச் சாலைகளில் ஓட்டிப் பழகிய ஒருவரிடம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் கேட்டவை.

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, கொழும்பிலிருந்து நுவரெலியா சுமார் 170 கிலோமீட்டர்தானே? மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாமா?

காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் போகலாம் தம்பி. இங்கிருந்து மதுரைக்குப் போகிற தூரம்தான், ஆனால் நாற்கரச் சாலைக் கணக்கை அங்கே போடாதீர்கள். தீவின் நடுவே மலை. கண்டிப் பக்கமாகப் போனால் கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று தேயிலைத் தோட்டங்களுக்குள் வளைந்து வளைந்து 1,800 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். முன்னால் லாரி போனால் அதன் பின்னாலேயே இரண்டாம் கியரில் போக வேண்டியதுதான். முந்த அவசரப்படாதீர்கள், வளைவில் எதிரே பஸ் வரும். ஐந்து மணி நேரமாவது வையுங்கள்.

தென்காசி: சாரல் மாதத்தில் போகலாமா?

இதைக் கேட்காமலே பலர் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். குற்றாலத்தில் அருவி கொட்டும்போது தூத்துக்குடியில் வெயில் காய்கிறதல்லவா, அங்கேயும் அப்படித்தான். தென்மேற்குக் காற்று கொழும்பு, காலி, இரத்தினபுரி, மலையின் மேற்குச் சரிவு எல்லாவற்றையும் நனைத்துவிட்டு, மலை தாண்டியதும் வறண்டுவிடும். ஜூன், ஜூலையில் திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நமக்குப் பெய்கிற வடகிழக்கு மழைதான் யாழ்ப்பாணத்துக்கும். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் மலைப்பயணத்தைத் தள்ளிப் போடுங்கள், பிடிவாதம் வேண்டாம்.

வள்ளியூர்: யாழ்ப்பாணத்துக்கு எந்த வழி?

கண்டியிலிருந்து ஏ-9 வீதி, 321 கிலோமீட்டர். தம்புள்ளை தாண்டினால் பெரும்பாலும் சமவெளி. வவுனியா, கிளிநொச்சி, அப்புறம் ஆனையிறவு. அங்கே இருபுறமும் கடல்நீரேரி, உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். போர்க்காலத்தில் வருடக்கணக்கில் மூடிக்கிடந்த வீதி அது. இன்று நிற்காமல் போக முடிகிறதே, அது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அம்பாசமுத்திரம்: நம் லைசென்ஸ் போதுமா?

போதாது. இங்கே ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்து, அங்கே போய் அதற்கு ஒப்புதலோ தற்காலிக லைசென்ஸோ வாங்க வேண்டும். ஓட்டுவது நம்மைப் போல இடப்பக்கம்தான். பாதசாரிக் கோட்டில் ஒருவர் கால் வைத்தால் நிறுத்தியே ஆக வேண்டும், நம்மூர்ப் பழக்கம் அங்கே செல்லாது.

திசையன்விளை: என் காரையே கப்பலில் ஏற்றலாமா?

முடியாது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் ஆட்களுக்கு மட்டும். வாடகைக் கார் எடுங்கள். ஹபரணைப் பக்கம் இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். யானை நின்றால் ஹார்ன் அடிக்காமல் தள்ளியே நிறுத்துங்கள். மலைப்பாதை பழக்கமில்லை என்றால் டிரைவரோடு எடுங்கள், செலவைப் பார்க்காதீர்கள்.