கோன் ஆடுது, பேஸ் வரல!

கேள்வி: அண்ணா, காசிமேடு பக்கம் சவுண்ட் சர்வீஸ் வச்சிருக்கேன், போர்ட் (காத்து போற ஓட்டை) வச்ச 18 இன்ச் சப் (பேஸ் ஸ்பீக்கர்) ரெண்டு. திருவிழால வால்யூம் ஏத்துனா கோன் கண்டபடி ஆடுது, பேஸ் மட்டும் வரல. ஆம்ப்ளில சப்சானிக்னு ஒரு ஸ்விட்ச் இருக்கு, போட்டா பேஸ் கொறஞ்சிடுமா?

பதில்: தாராளமா போடு தம்பி, மொதல்ல அதத்தான் போடணும். ரொம்ப கீழ இருக்குற அதிர்வை வெட்டுற ஃபில்டர் அது. போர்ட் பாக்ஸ்ல ட்யூனிங்குக்கு (போர்ட் நல்லா வேலை செய்யுற அதிர்வெண்) கீழ போனா உள்ள இருக்குற காத்து கோனை புடிச்சு நிறுத்தாது, சும்மா ஆடும், சத்தமா வராது, ஆம்ப்ளி பவரும் வீணு, வாய்ஸ் காயில் (கோனை ஆட்டுற கம்பிச்சுருள்) அடிபட்டு ஸ்பீக்கரே போயிடும். அதுவும் உங்க ஏரியால கடல் காத்து மைக்ல அடிச்சாலே காதுக்கு கேக்காத அதிர்வு உள்ள போயிடும். பாக்ஸ் 40 ஹெர்ட்ஸ் ட்யூனிங்னா ஃபில்டரை 32-லருந்து 35-க்குள்ள வை, 24 டிபி ஸ்லோப் (எவ்ளோ செங்குத்தா வெட்டுதுங்குற அளவு) இருந்தா அதையே எடு. கிக் டிரம் அடியெல்லாம் அதுக்கு மேலதான் இருக்கு, பேஸ் கொறையாது. ஆனா 50-க்கு ஏத்திடாத, அப்பதான் அடி காணாம போகும். ட்யூனிங் தெரியலன்னா போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு கம்மி வால்யூம்ல மெதுவா கீழ இறக்கிட்டே வா, கோன் எந்த இடத்துல ரொம்ப கம்மியா ஆடுதோ அதான் ட்யூனிங். சீல்டு பாக்ஸ்னா (போர்ட் இல்லாம முழுசா மூடுனது) இவ்ளோ பயம் இல்ல, அடைபட்ட காத்தே ஸ்பிரிங் மாதிரி கோனை புடிச்சுக்கும்.