டெக் அடித்த காசுக்கு ஒரு வருடம்தான் கெடு

கேள்வி: ஐயா, நான் டிக்கோயாவில் தச்சு பாஸ். போன வருடம் பெப்ரவரியில் சிவனொளிபாத மலைக்கு வந்த கொழும்புக்காரர் ஒருவர், ஹட்டனில் ஒரு விடுதிக்கு நான் அடித்துக் கொடுத்த மரத் தளத்தைப் பார்த்துவிட்டு, நிலாவெளியில் இருக்கும் தன் வீட்டுக்கும் கடலைப் பார்த்த மாதிரி ஒரு டெக் வேண்டும் என்றார். ஹட்டனிலேயே பேசி முடித்தோம். மரமும் கூலியும் சேர்த்து 14 இலட்சம். எழுத்தில் எதுவும் இல்லை. 5 இலட்சம் அங்கேயே எண்ணிக் கொடுத்தார், வேலையின் நடுவில் 3 இலட்சம் தந்தார். மீதி, வேலை முடிந்ததும் என்று பேச்சு. இரண்டு பையன்களைக் கூட்டிப் போய் ஜூன் நடுவில் முடித்துச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். நவம்பரில் 25,000 மட்டும் வங்கியில் போட்டார். ஆணியெல்லாம் துருப்பிடித்துவிட்டது என்று பிறகு படம் அனுப்பினார். உப்புக் காற்றைத் தாங்கும் 316 ஸ்டீல் ஆணிதான் வேண்டும் என்று நான் சொல்லியும், விலை கூட என்று அவரே திருகோணமலையில் ஜீ.ஐ. ஆணி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு ஆணி, வாங்கித் தந்தவர். ஜனவரியில் கரையோரத் திணைக்களம் டெக்கைக் கழற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுத்ததாம். ‘சட்டவிரோத வேலைக்குக் காசு இல்லை, கழற்றும் செலவும் உன்னுடையது’ என்கிறார். அனுமதியெல்லாம் தான் பார்த்துக்கொள்வதாக வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியவரும் அவர்தான். ஆறு வருடத்துக்குள் வழக்குப் போட்டால் போதும் என்று கூட்டாளி சொல்கிறார். பொறுத்துப் பார்க்கவா? இல்லாவிட்டால் நானே போய்ப் பலகைகளைக் கழற்றிக்கொண்டு வந்துவிடவா?

பதில்: பொறுக்காதீர்கள். கழற்றவும் போகாதீர்கள்.

முதலில் அந்த ஆறு வருடக் கதையை விடுங்கள். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நீதிமன்றத்தில் பிரிஸ்கிரிப்ஷன் சட்டம் என்றுதான் சொல்வார்கள். கூட்டாளி சொல்லும் ஆறு வருடம் எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு. வாய்ப் பேச்சு ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம். ஆனால் அதே சட்டத்தின் 8 ஆம் பிரிவு, செய்து கொடுத்த வேலைக்கான காசு, விற்றுக் கொடுத்த பொருளின் விலை, கைவினைஞர் கூலி என்று பெயர் சொல்லியே, காசு கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்குப் பதிய வேண்டும் என்கிறது. உங்கள் காசு வேலை முடிந்த அன்றே கொடுபட வேண்டியது. அதாவது போன ஜூன் நடுவிலேயே மணி ஓடத் தொடங்கிவிட்டது. பத்து மாதம் போய்விட்டது. கையில் இருப்பது இரண்டு மாதம்.

மலையகத்திலிருந்து கொழும்புக்கும் கரையோரத்துக்கும் வேலைக்குப் போகும் பாஸ்மார் இந்த ஒரு வருடத்தைத் தெரியாமல் காசை இழப்பதைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். ‘சீசன் முடியட்டும்’, ‘தீபாவளிக்குத் தருகிறேன்’ என்று இழுத்தடிப்பவருக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருக்கும். காத்திருக்கும் மனிதருக்குத் தெரியாது.

மரமும் நீங்கள் கொடுத்திருப்பதால் இது வெறும் கூலி வழக்கு இல்லை, மூன்று வருடப் பிரிவுக்குள் வரும் என்று வாதாடலாம். நவம்பரில் போட்ட 25,000 கடனை ஒப்புக்கொண்டு கட்டிய பகுதிப் பணம், ஆகவே மணி அன்றிலிருந்து திரும்ப ஓடுகிறது என்றும் சொல்லலாம். இரண்டும் நல்ல வாதங்கள்தான், தேவைப்பட்டால் நானும் எடுப்பேன். ஆனால் ஜூனுக்கு முன் பதிந்துவிட்டால் இந்த வாதங்களே தேவைப்படாது. வங்கியில் அந்த மாதக் கூற்றை மட்டும் முத்திரையோடு எடுத்து வையுங்கள்.

இனி நோட்டீஸ். ‘சிமெந்து இல்லை, வெறும் மரம்தானே, இதற்கு என்ன அனுமதி’ என்று பலர் நினைக்கிறார்கள். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து, அதாவது கடல் வற்றாமல் ஏறி நிற்கும்போது நீர் சராசரியாக எட்டும் எல்லையிலிருந்து, தரைப் பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அந்த வலயத்தின் இயல்பை எந்த விதத்திலாவது மாற்றக்கூடிய வேலை எல்லாமே அபிவிருத்தி வேலை, கட்டடமும் அதற்குள் அடக்கம். அதற்குத் திணைக்களத்தின் அனுமதிப் பத்திரம் வேண்டும். மணலில் குழி தோண்டிக் கால் நட்டு அதன் மேல் தளம் போட்டால், அது மரமானாலும் அந்த வேலைதான். நம் பக்கத்தில் வீடு கட்டப் போனால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கேட்கிறார்கள் அல்லவா, அதே மாதிரிக் கவலைதான் அங்கே கடலைப் பற்றி. இதைவிட, கடலோரத்தை ஒட்டி எதுவும் கட்டக் கூடாத ஒதுக்கு ஒன்றும் உண்டு. அதன் அகலம் இடத்துக்கு இடம் மாறும். 2004 சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் 200 மீற்றர் என்று அறிவித்துப் பின்பு தளர்த்தினார்கள். அந்தப் பழைய பேச்சை வைத்து யாரும் கணக்குப் போட வேண்டாம். திணைக்களத்தின் திட்டத்தில் நிலாவெளியின் அந்தத் துண்டுக்கு என்ன இருக்கிறது என்பதே முக்கியம்.

சரி, அனுமதி இல்லாததால் உங்கள் காசு போய்விடுமா? அவர் நீதிமன்றத்தில் முதலில் பிடிக்கப் போகும் கொம்பு இதுதான். சட்டத்துக்கு மாறான வேலைக்கு ஒப்பந்தம் செல்லாது என்பார். இரண்டு பேரும் தெரிந்தே செய்திருந்தால் உங்கள் பாடு கஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அனுமதி எடுக்கும் பொறுப்பை அவர் வாயாலேயே ஏற்றிருக்கிறார், நீங்கள் அதை நம்பி வேலை செய்திருக்கிறீர்கள். தன் தவறைக் காட்டித் தன் கடனிலிருந்து தப்பப் பார்ப்பவரிடம் நீதிமன்றம் அவ்வளவு இலேசில் இரங்காது. அந்தக் குரல் பதிவுதான் உங்கள் உயிர்நாடி. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் இருப்பதால், போனில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பதிவைத் தள்ளிவிட முடியாது. அதனால் போனை மாற்றாதீர்கள், வாட்ஸ்அப்பை அழித்துத் திரும்பப் போடாதீர்கள். பதிவை இன்னொருவருக்கு அனுப்பி வைத்தால் மட்டும் போதாது, அது வந்து சேர்ந்த போனே இருக்க வேண்டும்.

கழற்றும் செலவு உங்களுடையது என்பதற்கும் ஆதாரம் இல்லை. நோட்டீஸ் யார் பெயருக்கு வந்தது என்று பிரதி கேளுங்கள். அவர் பெயரிலோ அந்த வீட்டுக்கோ வந்திருந்தால் திணைக்களத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். உங்கள் பெயரும் அதில் இருந்தால் அதே நாளில் எனக்கு எழுதுங்கள். சட்டம் வீட்டுக்காரர் என்று சொல்லவில்லை, எந்த ஆளும் என்றுதான் சொல்கிறது. அடுத்த கடலோர வேலைக்குப் போகும்போது அனுமதிப் பத்திரத்தைக் கண்ணால் பார்த்து, போனில் படம் எடுத்த பிறகு குழி தோண்டுங்கள்.

துரு விஷயம். நீங்கள் சேர்த்து அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தளத்தில் ஒவ்வோர் ஆணித் தலையையும் சுற்றிச் செம்பழுப்பு வளையம், அதிலிருந்து மரத்தின் ரேகை வழியே விரல் நீளத்துக்கு இறங்கிய கறை. அதே படத்தில் கைப்பிடியைப் பிடித்திருக்கும் ஆணிகள் பளிச்சென்று இருக்கின்றன. அவை நீங்கள் கொண்டுபோன 316 என்றால், அந்த ஒரு படமே உங்களுக்காகப் பேசும். உப்புக் காற்றில் ஜீ.ஐ. ஆணியின் துத்தநாகப் பூச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும், 316 ஸ்டீலில் மொலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்கும். தொழில் தெரிந்தவர் தொழிலுக்குரிய கவனத்தோடு செய்ய வேண்டும் என்பது சட்டம். நீங்கள் எச்சரித்தீர்கள், அவர் கேட்கவில்லை. ஆனால் எச்சரித்ததை எப்படிக் காட்டுவீர்கள்? எழுதி அனுப்பினீர்களா, பையன்கள் பக்கத்தில் இருந்தார்களா? சாட்சி இல்லாவிட்டால் ஆணி மாற்றும் செலவை நீதிபதி கழிக்கக்கூடும். மீதமுள்ள 5,75,000 சதம் குறையாமல் வரும் என்று நான் வாக்குத் தரவில்லை.

பலகைகளைக் கழற்றி வருவது பற்றி. உங்கள் ஆத்திரம் புரிகிறது, அந்த மரத்தை ஹட்டனிலிருந்து ஏற்றிப் போனவர் நீங்கள். ஆனால் நிலத்தோடு பொருத்திய மரம் நிலத்துக்காரருடையது ஆகிவிடும். காசு வரும்வரை வேலை செய்த இடத்தைக் கைவிடாமல் வைத்திருக்கும் உரிமை நம் சட்டத்தில் உண்டு, ஆனால் சாவியைக் கொடுத்த அன்றே அது போய்விட்டது. இப்போது போய்க் கழற்றினால் அத்துமீறி நுழைந்தார், சேதம் செய்தார் என்று பொலிஸில் முறைப்பாடு வரும். அப்புறம் காசு கேட்டுப் போனவர் பிணை கேட்டு நிற்க வேண்டியதுதான்.

வழக்குக்குத் திருகோணமலைக்கோ கொழும்புக்கோ அலைய வேண்டியதில்லை. ஒப்பந்தம் செய்த இடத்து நீதிமன்றத்திலும் வழக்குப் பதியச் சட்டம் இடம் தருகிறது. ஹட்டனில் பேசி, ஹட்டனில் காசு எண்ணியிருக்கிறீர்கள். ஹட்டன் மாவட்ட நீதிமன்றம் போதும். காசு எண்ணிய இடத்தில் கூட இருந்தவர் யார் என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

ஆனால் அதற்கு முன், பிணக்கைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி, குறித்த தொகைக்குக் கீழ்ப்பட்ட பிணக்குகள் சபைக்குப் போய், இணங்கவில்லை என்ற சான்றிதழோடுதான் நீதிமன்றம் வர வேண்டும். அந்தத் தொகையைப் பல தடவை கூட்டிவிட்டார்கள், உங்களுடையது அதற்குள் வரும் என்று வைத்தே நடங்கள். அங்கே சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களே பேச வேண்டும். சுருக்கமாகப் பேசுங்கள், குரல் பதிவைப் போட்டுக் காட்டுங்கள். இந்த வாரமே விண்ணப்பியுங்கள், கூடவே பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதமும் போகட்டும். சட்டத்தரணிக்குக் காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம், வருமானம் குறைந்தவர்களுக்காகவே அது இருக்கிறது.

ஒரு விஷயத்தை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். அந்த இரண்டு பையன்களின் கூலியைக் கொடுத்துவிட்டீர்களா? அவர்களைக் கூட்டிப் போனவர் நீங்கள், அவர்களுக்குக் கடன்பட்டவரும் நீங்கள்தான். கொழும்புக்காரர் தராதது அவர்களிடம் சொல்லக்கூடிய காரணம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகவாவது கொடுங்கள். எந்தத் திகதியில் எத்தனை நாள் வேலை செய்தார்கள், எவ்வளவு கிடைத்தது, ஜீ.ஐ. ஆணியை யார் வாங்கி வந்தார் என்று ஒரு தாளில் எழுதி, அவர்கள் வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்து வாங்குங்கள். சபைக்குப் போகும் அன்று அந்தத் தாளையும் கொண்டு போங்கள், பையன்களையும் கூட்டிப் போங்கள்.