ஒரே ஏலா, வேறு வேறு மடைகள்: மைக்ரோக்ளியா பற்றிய கேள்வி பதில்

திருவட்டாறு பக்கம் பிறந்தவள் நான். மூளைச் செல்களின் மரபணுக்களோடு ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் கழித்தவள். நம் வாசகர் வட்டத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

தக்கலை, ஆசிரியை: மூளைக்கென்று தனியாக நோய் எதிர்ப்புச் செல்கள் உண்டா? ரத்த வெள்ளை அணுக்கள் போதாதா?

உண்டு, டீச்சர். அவற்றின் பெயர் மைக்ரோக்ளியா. ஸ்பெயினைச் சேர்ந்த பியோ தெல் ரியோ ஓர்தேகா 1919இல் அவற்றைத் தனி வகையாக அடையாளம் காட்டினார். வெள்ளை அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. மைக்ரோக்ளியாவோ, கருவின் தொடக்க நாட்களிலேயே மஞ்சள்கருப் பையில் தோன்றி, மூளைக்குக் குடிவந்து, அங்கேயே பெருகி வாழ்கின்றன. கிருமியையும் இறந்த செல்லையும் அகற்றுவதோடு, வளரும் மூளையில் வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கத்தரிப்பதும் அவற்றின் வேலை.

மார்த்தாண்டம், தேனீ வளர்ப்பவர்: உடம்பு முழுவதும் ஒரே மரபணுக்கள் என்றால் செல்கள் எப்படி வேறுபடுகின்றன?

அண்ணா, விடை உங்கள் தேன்பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ராணியும் வேலைக்காரத் தேனீயும் ஒரே வகை முட்டையிலிருந்து வந்தவைதானே? அரசிக்கூழைத் தொடர்ந்து உண்ட புழு ராணியாகிறது. டிஎன்ஏவின் எழுத்துகள் மாறவில்லை. எந்த மரபணு இயங்குகிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்பதுதான் மாறியது.

நம் ஏலாவையும், அதாவது வயல்வெளியையும், நினைத்துப் பாருங்கள். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் சானல் (கால்வாய்) நிறைய வந்தாலும், மடை திறந்த வயலில்தான் பாயும். மனித டிஎன்ஏவில் புரதத்துக்கான குறிப்பு ஏறக்குறைய 2 சதவீதம்தான். மீதிப் பரப்பில் சிதறிக் கிடக்கும் எண்ணற்ற சிறு பகுதிகள் மடைகளாக வேலை செய்கின்றன. அவற்றில் உரிய புரதம் வந்து அமர்ந்தால், தொலைவில் இருக்கும் மரபணுகூட இயங்கத் தொடங்கும். கல்லீரலின் காவல் செல்லுக்கும் மைக்ரோக்ளியாவுக்கும் வயல்கள், அதாவது மரபணுக்கள், ஒன்றே. திறந்திருக்கும் மடைகள் வேறு.

குலசேகரம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி: அப்படியானால் மடையைத் திறப்பது யார்?

நல்ல கேள்வி, மக்களே. முதலில் வருவது பியூ.1 என்ற புரதம். பல நோய் எதிர்ப்புச் செல்களில் அது உண்டு. 'நீ காவல் செல்' என்ற பொது அடையாளத்தைத் தருகிறது. 'நீ மூளையின் காவல் செல்' என்று குறுக்கித் தருவதில் சால்1 போன்ற புரதங்களுக்குப் பெரும் பங்கு. எலிகளின் மைக்ரோக்ளியாவில் சால்1ஐ நீக்கியபோது அவை அமைதி இழந்து, அழற்சியைத் தூண்டும் செல்களாக மாறின. 2016இல் வந்த முடிவு இது. மூளைத் திசுவிலிருந்து வரும் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞையும் இந்த அடையாளத்தைத் தாங்கிப் பிடிக்கிறது.

என்னை மிகவும் உலுக்கியது 2017இல் வெளியான ஓர் ஆய்வு. அறுவைச் சிகிச்சையில் எடுத்த மனித மூளைத் திசுவிலிருந்து மைக்ரோக்ளியாவைப் பிரித்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். சில மணி நேரத்திலேயே அவற்றின் தனித்தன்மை கரையத் தொடங்கியது! உயிர் இருந்தது, டிஎன்ஏவும் அதேதான். சுற்றுப்புறம் போனதும் மடைகள் மூடிக்கொண்டன. தட்டில் வளர்ந்த எலிச் செல்களை மறுபடி எலி மூளைக்குள் வைத்தபோது பழைய குணம் பெருமளவு திரும்பியது. ஒரு செல் தன் அடையாளத்தை ஒரு முறை வாங்கி வைத்துக்கொள்வதில்லை. நாள்தோறும் சுற்றுப்புறத்திடமிருந்து பெற்றுக்கொண்டே இருக்கிறது. இதைப் பள்ளியிலேயே சொல்லித் தர வேண்டும் என்பது என் ஆசை.

குளச்சல்: உடம்பில் வந்த நோய்த்தொற்றை இந்தச் செல்கள் நினைவில் வைத்திருக்குமா?

எலிகளில் வைத்திருக்கின்றன. பாக்டீரியாவின் மேலுறைப் பொருளை எலிகளின் வயிற்றறைக்குள் ஊசியாகப் போட்டார்கள். மாதங்கள் கழித்தும் மைக்ரோக்ளியாவின் மடைகளில் அதன் தடம் இருந்தது. இது 2018ஆம் ஆண்டின் ஆய்வு. இதை வைத்து, குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததே என்று கலங்க வேண்டாம். எலியிலிருந்து மனிதருக்கு வரத் தூரம் அதிகம்.

மணவாளக்குறிச்சி: எங்கள் கடற்கரை மணலின் கதிர்வீச்சு இந்த மடைகளை மாற்றுமா?

கதிர்வீச்சைப் பற்றிய முதல் கவலை டிஎன்ஏவுக்கு நேரும் சேதம். நான் பேசுவது எழுத்து அப்படியே இருக்க, திறப்பும் மூடலும் மாறுவதை. இரண்டையும் கலக்க வேண்டாம்.

நாகர்கோவில்: அப்பாவுக்கு 74 வயதில் அல்சைமர் என்றார்கள். நாங்கள் மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டுமா, அக்கா?

என் அம்மாவும் கடைசி ஆண்டுகளில் என்னை யாரென்று கேட்டவர்தான், தம்பி. அதனால் இந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரியும்.

பொதுவாக, இந்த வயதில் தொடங்கும் நோய்க்கு ஒரே மரபணு காரணமாக இருப்பதில்லை. மைக்ரோக்ளியாவில் இயங்கும் ட்ரெம்2 மரபணுவின் அரிய மாற்றம் ஒன்று ஆபத்தை இரண்டு முதல் நான்கு மடங்கு கூட்டுவதாக 2013இல் தெரியவந்தது. ஆனால் ஆபத்தோடு தொடர்புள்ள மாற்றங்களில் பெரும்பாலானவை மரபணுக்களில் இல்லை, மடைகளில் இருக்கின்றன. பின்1 மரபணுவுக்கு மைக்ரோக்ளியாவில் மட்டும் செயல்படும் ஒரு மடை உண்டு. அதை நீக்கினால் அந்தச் செல்லில் பின்1 ஏறக்குறைய மறைகிறது, நரம்பு செல்லிலோ குறைவதில்லை. இத்தகைய மாற்றம் ஒவ்வொன்றும் ஆபத்தைச் சிறிதளவே கூட்டும் அல்லது குறைக்கும். அதனால் உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ பரிசோதனை வேண்டாம் என்பதே என் கருத்து. குடும்பத்தில் பலருக்கு 60 வயதுக்கு முன்பே வந்திருந்தால் மட்டும் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேட்கும் திறன் மூன்றையும் இப்போதே கவனியுங்கள்.

மார்த்தாண்டம், மீண்டும்: மருந்தால் ஒரு மடையை மட்டும் அடைக்க முடியுமா?

அண்ணா, அதுதான் இன்றைய உழைப்பு. பியூ.1 சற்றுக் குறைவாக உருவாகும் மரபு வகை கொண்டவர்களுக்கு அல்சைமர் தாமதமாகத் தொடங்குகிறது என்று 2017இல் கண்டார்கள். அதற்காகப் பியூ.1ஐ உடம்பெங்கும் அடக்கிவிட முடியாது; ரத்த அணுக்கள் உருவாக அது வேண்டும். ஆகவே பின்1க்கு இருப்பதுபோல, மைக்ரோக்ளியாவில் மட்டும் திறக்கும் மடைகளைத் தேடுகிறார்கள்.