மழை நாளில் வீட்டுக்குள்ளேயே துணி காய வைப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மத்தியானமானால் மழை, உள்ளே போட்ட துணி நாறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஈரம் நெடுநேரம் தங்கினால் கிருமி பெருகும், நாற்றம் அதனால்தான். வெயில் இல்லாவிட்டாலும் காற்று ஓடினால் போதும்.

துவைத்ததும் மிஷினில் இன்னொரு தடவை ஸ்பின் விடுங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அப்புறம் துணிக்குத் துணி நான்கு விரல் இடைவெளி விட்டுக் கொடியில் போட்டு, ஜன்னலைத் திறந்து, காற்றாடியைக் கீழிருந்து மேல்நோக்கித் திருப்பி வையுங்கள். ஜீன்ஸை உள்புறம் வெளியே வரும்படி போடுங்கள், ஏனென்றால் பாக்கெட்டும் இடுப்புப் பட்டையும்தான் கடைசிவரை சில்லென்று இருக்கும். ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் அம்மா பால்வெட்டப் போகும் உடுப்பை அடுப்புக்கு மேலே மூங்கிலில் போடுவார், காய்ந்துவிடும், ஆனால் புகை வாடை போகாது.

கனமான போர்வையா? டோபி கடை டிரையருக்கே கொண்டு போங்கள்.